ரிமாண்டு நேரத்தில் கேட்கப்படாத கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் டெல்டா மாவட்டப் பக்கங்களில் வரும் குற்றச் செய்திகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிகின்றன: "கைது செய்யப்பட்டவர் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு சிறையில் அடைக்கப்பட்டார்." அந்த ஒரு வரிக்குள் சட்டப்படி நடக்க வேண்டிய காரியங்கள் பல இருக்கின்றன. அவை நடந்தனவா என்று கேட்பவர் குறைவு. சாட்சி விசாரணை இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து வந்தாலும், கைது நேரம் எப்படி எழுதப்பட்டது, உடம்பில் இருந்த காயம் பதிவானதா, எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பவை எல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு திறமையான வழக்கறிஞர் வந்து குறுக்கு விசாரணை செய்தாலும், அன்று பதிவாகாததை மீட்டெடுப்பது மிகக் கடினம். அதனால்தான் அந்த முதல் நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

முதலில், கைது தேவையா என்பதே கேள்வி. நம் பகுதியில் பதிவாகும் வழக்குகளைப் பாருங்கள். வரப்பை வெட்டினான், மடையை அடைத்தான், பங்காளிக்கு விட வேண்டிய தண்ணீரை மறித்தான் என்று தொடங்கும் தகராறு ஸ்டேஷனுக்குப் போனதும் ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விடுத்தது என்று மூன்று பிரிவுகளாகிவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(2). அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3). இவற்றில் மிகக் கடுமையானது கொலை மிரட்டல். அதற்கே உச்ச தண்டனை 7 ஆண்டுதான். கொள்ளிடத்தில் மாட்டு வண்டியில் மணல் அள்ளியவர் மீது போடும் திருட்டுப் பிரிவுக்கு 3 ஆண்டு, கனிமச் சட்டத்துக்கு 5 ஆண்டு. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கும் காரியமாக இருக்கக் கூடாது, ஏன் அவசியம் என்று காவல் அதிகாரி காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணத்தை நடுவர் (மாஜிஸ்திரேட்) படித்துப் பார்த்துத் தம் திருப்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. காரணம் எழுதாமல் ரிமாண்டு செய்யும், அதாவது காவலில் வைக்க உத்தரவிடும், நடுவர் மீதும் துறை நடவடிக்கை வரும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. கைது தேவையில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும். (இனி சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் இந்தச் சட்டத்தினுடையவை.) ஃபோனில் "ஸ்டேஷனுக்கு வா" என்பது நோட்டீஸ் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நோட்டீஸ் வந்தவர் கட்டாயம் போக வேண்டும். போய் வந்ததற்கு ஓர் அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

மகன் கிடைக்கவில்லை என்று தகப்பனாரைத் தூக்கி வருவதும், அண்ணன் வரும் வரை அண்ணியை ஸ்டேஷன் வாசலில் உட்கார வைப்பதும் இன்னும் நின்றபாடில்லை. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டோர், 60 வயதைக் கடந்தோர், மாற்றுத் திறனாளிகள், கடும் நோய் உள்ளவர்கள் ஆகியோரை விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறது 179-வது பிரிவு. 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். இது புதிய சட்டத்தில் சேர்ந்த நல்ல விதி. கிராமங்களில் இது பலருக்கும் தெரியவில்லை.

அடுத்து, 24 மணி நேரக் கணக்கு. அரசியல் சாசனத்தின் 22(2) உறுப்பு, கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தச் சொல்கிறது. இதில் பயண நேரம் என்பது டெல்டாவில் ஒரு சாக்கே அல்ல. எந்த ஸ்டேஷனுக்கும் பக்கத்து ஊரிலேயே நீதிமன்றம் இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில் நடக்கிறது. திங்கள் மாலை வயலில் இருந்தவரை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்" என்று வீட்டாரிடம் சொல்கிறார்கள். செவ்வாய் முழுக்க அவர் ஸ்டேஷனில் இருக்கிறார். புதன் அதிகாலை 5 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கு இடமான முறையில் நின்றதாகவும், போலீஸைக் கண்டு ஓடியதாகவும், விரட்டிப் பிடித்ததாகவும் எழுதி அன்று மதியம் ஆஜர்படுத்துகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் எட்டு மணி நேரம்தான். உண்மையில் ஒரு மனிதர் ஒன்றரை நாளுக்கு மேல் எந்தப் பதிவும் இல்லாமல் காவலில் இருந்திருக்கிறார். அடி, உதை, வெற்றுத்தாளில் கையெழுத்து எல்லாம் நடப்பது பெரும்பாலும் இந்த எழுதப்படாத நேரத்தில்தான்.

இதை முறியடிக்கக் குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நேரம் பதிவாகும் தகவல். 2013 ஜூலையில் தந்தி சேவை நிற்கும் வரை வழக்கறிஞர்கள் இதற்குத் தந்தியைத்தான் நம்பினார்கள். அஞ்சலக முத்திரையில் இருக்கும் நேரத்தை எவராலும் மாற்ற முடியாது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்யும். அழைத்துப் போன அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், சம்பந்தப்பட்ட நடுவர் நீதிமன்றத்துக்கும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் மூன்று வரி அனுப்பினால் போதும்: இன்னாரை, இத்தனை மணிக்கு, இந்த இடத்திலிருந்து, இந்த நிலையத்தார் அழைத்துச் சென்றனர். கோபமும் குற்றச்சாட்டும் அதில் வேண்டாம். 112-க்கு அழைத்தாலும் அழைப்பு நேரம் பதிவாகும். காவல் நிலையங்களில் ஒலியோடு பதிவு செய்யும் கேமராக்கள் வேண்டும், பதிவை 18 மாதம் வரை வைத்திருக்கும் வசதி வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் கேட்கும்போது "பழுது", "அழிந்துவிட்டது" என்ற பதில் வருவதுண்டு. ஆகவே பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் வாரத்திலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும். ஜாமீன் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது.

கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்த ஊரின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் இட வேண்டும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் சொன்னது. இன்று 36-வது பிரிவில் சட்டமாகவே இருக்கிறது. அதைவிட முக்கியமானது, கைதுக்கான அடிப்படைகளை எழுத்தில் தருவது. 2023-ல் பங்கஜ் பன்சல், 2024-ல் பிரபீர் புர்காயஸ்தா ஆகிய தீர்ப்புகளில் சிறப்புச் சட்ட வழக்குகளுக்கு என்று தொடங்கிய இந்த விதியை, 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்துவிட்டது. கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும். சம்பவ இடத்திலேயே பிடிபடும் நேரங்களில் உடனே எழுதித் தர முடியாவிட்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, நடுவர் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்தாக வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

நடைமுறையில் தரப்படுவது பெரும்பாலும் அச்சடித்த படிவம்: மேலும் குற்றம் செய்யாமல் தடுக்க, சாட்சிகளைக் கலைக்காமல் இருக்க, தலைமறைவாகாமல் இருக்க. இவை யாருக்கும் பொருந்தும் வரிகள். இந்த மனிதர் எந்தத் தேதியில், எங்கே, என்ன செய்தார் என்று போலீஸ் சொல்கிறது என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். அப்போதுதான் அவருடைய வழக்கறிஞர் "அன்று அவர் அந்த ஊரிலேயே இல்லை" என்று ரிமாண்டு நேரத்திலேயே எதிர்த்துச் சொல்ல முடியும். புரியும் மொழி என்பதும் இங்கே சிறிய விஷயமல்ல. இப்போது தஞ்சை, திருவாரூர் வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆட்கள் நடவு நடுகிறார்கள். அவர்களில் ஒருவர் கைதானால் தமிழ்ப் படிவத்தில் கைநாட்டு வாங்கி முடித்துவிடக் கூடாது. வங்காள மொழியில் எழுதித் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றை மாவட்ட ஆணைக்குழுக்கள் இப்போதே தயாரித்து வைப்பது நல்லது.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 53-வது பிரிவின்படி கைதானவுடன் அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். காயங்கள் இருந்தால் அவற்றையும், அவை எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவரிடமோ அவர் சொல்லும் நபரிடமோ தர வேண்டும். இந்த நகலைக் கேட்டு வாங்கும் குடும்பம் மிகக் குறைவு. அரசு மருத்துவமனையில் இரவு 11 மணிக்கு, வரிசையில் நோயாளிகள் காத்திருக்க, இரண்டு காவலர்கள் தோளோடு தோள் நிற்க, "ஏதாவது அடி பட்டிருக்கா?" என்று மருத்துவர் கேட்டால், அந்த மனிதர் என்ன சொல்வார்? சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும், உள்ளங்காலையும், தொடையின் பின்பக்கத்தையும் பார்த்தால்தான் தெரியும். காவல் அடி அங்கேதான் விழும். காவலர்கள் காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லலாம், சொல்ல வேண்டும். "வெளிக்காயம் இல்லை" என்ற ஒரு வரி பின்னால் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடும்.

கை கால்களில் மாவுக்கட்டோடு நிற்பவரின் படத்தைப் போட்டு, கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதி, அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து மகிழும் வழக்கம் நம் ஊர்களில் பரவியிருப்பது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது. குற்றம் செய்தவருக்குத் தண்டனை தர நீதிமன்றம் இருக்கிறது. எலும்பை முறிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் யாருக்கும் தரப்படவில்லை. இன்று திருடனுக்கு நடக்கிறது என்று நாம் ரசித்தால், நாளை சாலை மறியலில் உட்கார்ந்த விவசாயிக்கு நடக்கும்போது கேட்க வாய் இருக்காது.

நடுவர் முன்பு நடக்க வேண்டியது மொத்தமே பத்து நிமிட வேலை. எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, காரணம் எழுதித் தந்தார்களா, வீட்டுக்குச் சொன்னார்களா, வக்கீல் இருக்கிறாரா என்று கைதானவரிடமே, போலீஸாரை விலக்கி நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். பதிலை அப்படியே எழுத வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, ரிமாண்டு நேரத்தில் அவர்களை அருகில் அழைத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தமிழ்நாடே கேட்டது. அந்தக் கேள்வி எல்லா நீதிமன்றங்களுக்கும் பொதுவானது. விடுமுறை நாளிலும் இரவிலும் நடுவரின் வீட்டு வாசலில் நடக்கும் ரிமாண்டுகளில்தான் இவை அதிகம் விடுபடுகின்றன. காரணம் எளிது: அந்த நேரத்தில் அங்கே வழக்கறிஞர் இருப்பதில்லை.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் தருவது முதல் முறை ஆஜர்படுத்தும் நேரத்திலிருந்தே தொடங்குகிறது என்று 1981-ல் காத்ரி வழக்கிலும், அதை நடுவர் எடுத்துச் சொல்லத் தவறினால் அது கடமை தவறுதல் என்று 2012-ல் அஜ்மல் கசாப் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. மும்பைத் தாக்குதல் வழக்கில் பிடிபட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், வேட்டி கிழிந்த மாட்டு வண்டிக்காரருக்கு இல்லையா? காவலில் உள்ள எவருக்கும் 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். ஆனால் இரவு ரிமாண்டுக்கு யார் வருவார் என்பது எழுதப்படாமல் கிடந்தால் இந்த உரிமை வெறும் பலகையில்தான் இருக்கும். எங்கள் கோரிக்கை: ஒவ்வொரு வட்ட சட்டப்பணிகள் குழுவும் அந்த வாரத்துக்கான ரிமாண்டு வழக்கறிஞரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் அதன் எல்லைக்குட்பட்ட எல்லா ஸ்டேஷன் வாசலிலும் ஒட்ட வேண்டும், விடுமுறை நாளுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். 37-வது பிரிவின்படி கைதானவர்களின் விவரங்களை நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எழுதிப் போட்டாக வேண்டும். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். "போலீஸில் பரபரப்பு வாக்குமூலம்" என்ற தலைப்பில் வரும் செய்திகளை நிறுத்துங்கள். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23-வது பிரிவு. அந்த ஒப்புதலைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். நீதிமன்றம் படிக்கவே கூடாததை ஊர் முழுக்கப் படித்துவிடுகிறது. முகம் தெரியும் படமும் அப்படியே. அடையாள அணிவகுப்பு நடப்பதற்கு முன் படம் வெளியானால், சாட்சி சம்பவ இடத்தில் பார்த்து அடையாளம் காட்டினாரா, செய்தித்தாளில் பார்த்துக் காட்டினாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்வியிலேயே உண்மைக் குற்றவாளி விடுதலையாகிப் போக வாய்ப்புண்டு. பறிகொடுத்தவருக்கும் இதில் நஷ்டம்தான். பொருள் கண்டெடுத்த மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில்) கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் ஸ்டேஷனிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்துக்கும் இப்போது ஒரு கடிவாளம் வந்திருக்கிறது: 105-வது பிரிவின்படி சோதனையும் கைப்பற்றுதலும், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது வரை, ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும், பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். தங்கள் நிருபர்கள் அந்தப் பதிவு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதினாலே நிறைய மாறும்.

சிறைக்குப் போன பிறகு நாள் எண்ணுவது குடும்பத்தின் வேலை. 60 நாளுக்குள், அல்லது மரணம், ஆயுள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் 187(3) பிரிவின்படி ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். எண்ண வேண்டியது கைது நாளிலிருந்து அல்ல, முதல் ரிமாண்டு நாளிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-ல் கபில் வாதவான் வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்த்து வைத்தார்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 அன்று ரிமாண்டு என்றால் ஆகஸ்ட் 10-டன் 60 நாள் முடிகிறது. ஆகஸ்ட் 11 காலை நீதிமன்றம் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். மனு போட்ட பிறகு, அதே நாள் மதியம் குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது என்பது 2020-ன் எம்.ரவீந்திரன் தீர்ப்பு. மனுவுக்கு முன் வந்துவிட்டால் போய்விடும். தானாக யாரும் திறந்துவிட மாட்டார்கள், கேட்டவருக்கு மட்டும்தான். கிளைச்சிறையிலோ திருச்சி மத்திய சிறையிலோ இருப்பவருக்காக வெளியில் ஒருவர் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் பாபநாசத்துக்காரர் மதுரைக்கும், நன்னிலத்துக்காரர் சென்னைக்கும் அலைய வேண்டும். ஆகவே இந்த எளிய வழியை நழுவ விடக் கூடாது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். இது டெல்டாவுக்கே உரிய சிக்கல் என்று சொல்லலாம். இரண்டு நபர் ஜாமீன் கேட்கும்போது சொத்துப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கே பெரும்பரப்பு நிலம் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தம். உழுபவர் குத்தகைதாரர், அவர் பெயரில் பட்டா இல்லை. விவசாயத் தொழிலாளிக்குக் குடியிருக்கும் மனையே கோயில் மனை. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதே நிலையில் இருந்தால் ஜாமீன்தாரருக்கு எங்கே போவது? கடைசியில் நீதிமன்ற வாசலில் காசுக்கு நிற்கும் ஆட்களிடம் போய் ஏமாறுகிறார்கள்.

ஏழையின் கைக்கு எட்டாத தொகையும் ஜாமீன்தாரரும் கேட்பது தவறு என்று 1978-ல் மோதி ராம் வழக்கிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரின் விவரத்தைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இவற்றோடு, 1969 குத்தகைப் பதிவுச் சட்டப்படியான பதிவேட்டு நகலையும், கோயில் நிலத்துக்குக் கட்டிய குத்தகை ரசீதையும், ஊரக வேலைத் திட்ட அட்டையையும் ஜாமீன்தாரரின் நிலையான வசிப்புக்குச் சான்றாக ஏற்கலாம் என்று டெல்டாவின் மாவட்ட நீதிபதிகள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்திடச் சொல்லும் நிபந்தனையையும் நடவு, அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு நாளாக, அதுவும் வேலை முடிந்த மாலை நேரமாக மாற்றினால், கூலிக்காரருக்கு அன்றைய கூலியாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்குகளில் சட்ட உதவிப் பணி செய்யும் வழக்கறிஞர்கள்,
கும்பகோணம்.